லான்ஜோ நூடுல்ஸ் கடையில்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

சீனாவின் கான்சு மாகாணத் தலைநகரான லான்ஜோவில் காலைச் சாப்பாடு என்றால் நியூரோமியன்தான். மாட்டெலும்புச் சாற்றில் கையால் இழுத்த நூடுல்ஸ். தெருவுக்குத் தெரு கடை உண்டு. விற்பது ஒரே பண்டம். ஆனாலும் புதிதாகப் போகிறவர்கள் திணறிவிடுவார்கள். ஏனென்றால் மேசைக்கு வந்து "என்ன வேண்டும்?" என்று யாரும் கேட்பதில்லை.

செய்ய வேண்டியவை

காலையிலேயே போய்விடுங்கள். அன்றைய முதல் சாற்றுக்குத்தான் ருசி அதிகம் என்பது ஊர்க்காரர்களின் கட்சி.

முதலில் கல்லாவில் பணம் கட்டிச் சீட்டு வாங்குங்கள். அதை எடுத்துக்கொண்டு சமையலறை ஜன்னலில் போய் வரிசையில் நிற்க வேண்டும். பெரும்பாலோர் போனிலேயே, வீசாட் அல்லது அலிபே வழியாகத்தான் கட்டுகிறார்கள். நம் கார்டையும் அவற்றோடு இணைக்கலாம். அந்த வேலையை அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள். உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு ஆபீசுக்கு நேரமாகிக்கொண்டிருக்கும்.

ஜன்னலுக்கு வருமுன் நூடுல்ஸ் எவ்வளவு தடிமனாக வேண்டும் என்று முடிவு செய்துவிடுங்கள். உங்களிடம் கேட்கப்படும் முக்கியமான கேள்வி அது ஒன்றுதான். மயிரிழை போன்றது மாவ்ஷி. அதைவிடக் கொஞ்சம் பருமன் ஷி, அடுத்தது சான்ஷி, அதற்கும் அடுத்தது அர்ஷி. தட்டையாக வேண்டுமென்றால் ஜியூயே. இடுப்பு பெல்ட் அகலத்துக்கு வேண்டுமென்றால் தாகுவான். முதல் முறை போகிறவருக்கு நான் அர்ஷியைத்தான் சொல்வேன். மாவ்ஷி பார்க்க அழகு, ஆனால் பாதிக் கிண்ணம் முடிவதற்குள் ஊறிக் குழைந்துவிடும். அர்ஷி கடைசி வாய் வரை பல்லுக்கு வேலை கொடுக்கும்.

சொல்லிவிட்டுப் பார்வையை மாஸ்டரின் கைகளில் வையுங்கள். கயிறு போல உருட்டிய மாவை இரண்டு கையாலும் அகல இழுக்கிறார், மடிக்கிறார், மறுபடி இழுக்கிறார். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, ஏழாவது மடிப்பில் 128 இழை, எட்டாவதில் 256. பலகையில் ஓர் அடி, கொதிநீரில் ஒரு வீச்சு. நம்மூர் பரோட்டா மாஸ்டரின் வேகம்தான், ஆனால் எண்ணெய் போடும் இடத்தில் இங்கே காரம் வேலை செய்கிறது. காரம் என்றால் மிளகாய் இல்லை. சோடா உப்பு வகை. பாலைநிலச் செடி ஒன்றை எரித்து எடுக்கும் பெங்ஹுய் என்ற சாம்பலைத்தான் அந்தக் காலத்தில் கரைத்துச் சேர்த்தார்கள். இப்போது சுத்திகரித்த தூள் வந்துவிட்டது. மாவு அறுந்துபோகாமல் நீள்வதும், வெந்தபின் லேசாக மஞ்சளிப்பதும் அதன் கைங்கர்யம்.

கிண்ணம் கைக்கு வந்ததும் கலக்கிவிடாமல் ஒரு வாய் சாற்றைக் குடித்துப் பாருங்கள். தெளிந்த சாறு, வெள்ளை முள்ளங்கி, சிவந்த மிளகாய் எண்ணெய், பச்சைக் கொத்தமல்லியும் பூண்டுத் தாளும், மஞ்சள் நூடுல்ஸ். இந்த ஐந்தும் சரியாக இருந்தால்தான் அங்கே அதற்குப் பெயர் நியூரோமியன். 1915-இல் மா பாவ்ஸி என்பவர் வகுத்த இலக்கணம் என்பார்கள். அப்புறம் மேசையில் இருக்கும் வினிகரை ஊற்றிக்கொள்ளலாம். மிளகாய் எண்ணெயின் நிறத்தைப் பார்த்து மிரள வேண்டாம். மணம்தான் தூக்கலாக இருக்கும், உறைப்பு நம் நாக்குக்கு ஒன்றுமில்லை. "இன்னும் கொஞ்சம்" என்று ஜன்னலிலேயே சொல்லிவிடுங்கள்.

பச்சைப் பூண்டு இருந்தால் ஒரு பல்லை உரித்துக் கடித்துக்கொண்டே சாப்பிடுங்கள். அன்றைக்கு முக்கியமான சந்திப்பு எதுவும் இல்லையென்றால்!

கூடுதல் இறைச்சியும் ஒரு முட்டையும் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். கிண்ணத்தில் போடும் இறைச்சி பொடித்துண்டுகள்தான். விலையைக் கட்டுக்குள் வைத்திருக்க அவர்களுக்கும் வேறு வழியில்லை, ஊர் அப்படி. 2007 ஜூனில் விலை ஏறியபோது நகர நிர்வாகமே தலையிட்டு, சாதாரணக் கடைகளில் பெரிய கிண்ணத்தை 2.5 யுவானுக்கு மேல் விற்கக்கூடாது என்று உச்சவரம்பு வைத்தது.

செய்யக்கூடாதவை

வெளியில் வாங்கிய தின்பண்டத்தையோ பீரையோ உள்ளே கொண்டுபோகாதீர்கள். இது ஹுய் முஸ்லிம்கள் வளர்த்த உணவு. பல கடைகள் ஹலால் முறையில் நடப்பவை. பன்றியிறைச்சி வைத்த பன் ஒன்று பையில் இருந்தால் அது பைக்குள்ளேயே இருக்கட்டும். 'வெளிச் சாப்பாடு கூடாது' என்று சுவரில் எழுதியிருப்பார்கள், சீன எழுத்தில்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் "இறைச்சியை மட்டும் எடுத்துவிடுங்கள்" என்று கேட்டுச் சமாளிக்கப் பார்க்க வேண்டாம். சாறே மாட்டெலும்பில் கொதித்தது. இங்கே சைவ வழி கிடையாது. வேறு கடை பார்ப்பதுதான் நேர்மை.

தனி மேசைக்காகக் காத்திருக்காதீர்கள். காலி நாற்காலி எங்கே இருந்தாலும் உட்காரலாம், எதிரில் இருப்பவர் கிண்ணத்திலிருந்து தலை தூக்கினாலே அதிசயம். படம் எடுப்பதென்றால் ஒன்றோடு நிறுத்துங்கள். நீங்கள் கோணம் பார்த்துக்கொண்டிருக்கும்போது நூடுல்ஸ் சாற்றைக் குடித்துக்கொண்டிருக்கும். உறிஞ்சும் சத்தத்துக்குக் கூச வேண்டாம். சாப்பிட்டு முடித்தபின் அங்கேயே உட்கார்ந்து கதை பேசுவதைத்தான் அந்த இடம் தாங்காது.

"எங்கள் ஊரிலேயே லான்ஜோ லாமியன் சாப்பிட்டிருக்கிறேனே" என்று லான்ஜோக்காரரிடம் வாயைக் கொடுக்காதீர்கள். மற்ற ஊர்களில் இந்த நூடுல்ஸுக்கு லாமியன் என்றுதான் பெயர்; அந்தப் பெயர்ப் பலகையோடு நிற்கும் கடைகளில் பெரும்பாலானவை பக்கத்து மாகாணமான சிங்ஹாயின் ஹுவாலோங் வட்டாரத்தார் நடத்துபவை. உழைத்து முன்னேறியவர்கள், கடையும் மோசமில்லை. ஆனாலும் இந்தப் பேச்சை எடுத்தால் உங்கள் கிண்ணம் ஆறும்வரை விளக்கம் கேட்க வேண்டியிருக்கும்.

மதியம் தூங்கி எழுந்து சாவகாசமாகப் போகலாம் என்று நினைக்காதீர்கள். பழைய பாணிக் கடைகள் பல, மதியம் இரண்டு மூன்று மணிக்கே கதவைச் சாத்திவிடும். அப்படி ஏமாந்தால் பொழுது சாயும்வரை பொறுத்திருந்து ஜெங்னிங் சாலை இரவுச் சந்தைக்குப் போங்கள். பாலில் முட்டையும் புளித்த அரிசியும் சேர்த்துச் சுடச்சுடக் காய்ச்சித் தருகிறார்கள், அதற்கும் வரிசை உண்டு.