பழைய ஓட்டோ காரின் கியர் ஒயில்: தீவுக்காரருக்குச் சில குறிப்புகள்

எங்கள் எழுவைதீவில் கார் ஓட எவ்வளவு தெரு இருக்கிறது என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். படகேறி ஊர்காவற்றுறையில் இறங்கினால் ஆஸ்பத்திரிக்கும் கலியாண வீட்டுக்கும் கார் வேணும். அதனால் அக்கரையில் சொந்தக்காரர் வளவில் ஒரு பழைய 121 கொரோலாவோ அலியனோ நிற்கத்தான் செய்கிறது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியைச் சொந்தக் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தார்கள், அதுவும் தலை சுற்றுகிற வரியோடு. இருக்கிறதைக் காப்பாற்றுவதுதான் கெட்டித்தனம். இவ்வளவு ஓடின காருக்குக் கியர் ஒயில் மாத்தலாமா, கூடாதா என்று சந்திக்குச் சந்தி ஒரு சண்டை நடப்பதால் இந்தக் குறிப்புகள்.

1. மீற்றரை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். ஜப்பானில் பாவித்து வந்த கார் என்றால் அந்த எண் வழியில் எங்கே குறைந்ததோ யாருக்குத் தெரியும்! பிறேக் பெடல் றப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதைவிட ஒயில் உண்மை பேசும்.

2. கியர் ஒயில் பார்க்க, காரைப் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் ஓடிவிட்டுச் சமதரையில் நிறுத்துங்கள். எஞ்சின் ஓடியபடியே இருக்க, பிறேக்கை மிதித்துக்கொண்டு எல்லாக் கியரையும் ஒருமுறை போட்டுப் ‘பார்க்’குக்கு வந்து, பிறகு டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்துப் பாருங்கள்; ‘ஹொட்’ என்ற கோடுகளுக்குள் நிற்க வேணும். ஹொண்டாக்காரர் மட்டும் சூடேறியதும் எஞ்சினை நிறுத்திவிட்டுப் பார்ப்பது.

3. டிப்ஸ்டிக்கில் இருந்து ஒரு சொட்டை வெள்ளை ரிசுவில் விடுங்கள். சிவப்பாகப் பரவினால் காசை வேறு வேலைக்கு வையுங்கள். மண்ணிறமாகி, ஆனால் தீய்ந்த மணம் இல்லாமல், கியரும் ஒழுங்காக விழுகிறது என்றால் மாற்ற இதுதான் நேரம்.

4. “ஒயில் மாத்தினார், அடுத்த கிழமை கியர் போச்சு” என்ற கதை எல்லா ஊரிலும் உண்டு. பெரும்பாலும் கியர் வழுக்கத் தொடங்கின பிறகுதான் ஆட்களுக்கு ஒயில் ஞாபகம் வருகிறது. உள்ளே கிளச் தட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், பழி மட்டும் புது ஒயிலுக்கு. ‘டிறைவ்’ போட்டு இரண்டு மூன்று செக்கன் கழித்துத்தான் இழுக்கிறது, எஞ்சின் இரைகிற அளவுக்குக் கார் நகரவில்லை, ஒயிலும் கறுத்துத் தீய்ந்து மணக்கிறது என்றால் ஒயில் வாங்க ஓடாதீர்கள். ஓட்டோ கியர் பிரித்துப் பூட்டத் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள்.

5. நல்லாய் ஓடுகிற பழைய கியருக்கு மெஷின் பிடித்து ஒரேயடியாகக் கழுவுகிற வேலை வேண்டாம். அடி நட்டைக் கழற்றினால் பாதியளவோ அதிலும் குறைவோதான் வடியும். மிச்சம் டோர்க் கொன்வேட்டரிலும் கூலர் குழாயிலும் நின்றுவிடும். அதை வசதியாக எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருமுறை மாற்றி, ஆயிரம் இரண்டாயிரம் கிலோமீற்றர் ஓடி இன்னொருமுறை, பிறகு மூன்றாம் முறை. கியருக்கும் திடீர் மாற்றம் இல்லை, ஒரே மாதத்தில் கைக்காசும் கரையாது.

6. வடிந்த ஒயிலைக் காலிச் சோடாப் போத்தல்களில் ஊற்றி, மட்டத்துக்குப் பேனையால் கோடு போடுங்கள். அதே அளவு புது ஒயிலைத் திரும்ப விட்டால் கூடக் குறைய என்ற பேச்சே இல்லை. டிப்ஸ்டிக் இல்லாத கார் என்றால், அடி நட்டில் கை வைக்க முன் ஒயில் விடுகிற நட்டு கழருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கறள் பிடித்து அது கழராவிட்டால் கார் அந்த இடத்திலேயே நிற்கும்.

7. தீவுப்பகுதியில் ஓட்டோ கியரைத் தின்கிறது ஓட்டம் அல்ல, உவர்த் தண்ணி. பெரும்பாலான ஓட்டோ கார்களில் கியர் ஒயிலை ஆற்றுகிற கூலர் றேடியேற்றரின் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. கிணற்றுத் தண்ணியை அள்ளி அள்ளி றேடியேற்றருக்கு ஊற்றினால் அது உள்ளே கறள் கட்டும். கறள் கட்டினால் சூடு இறங்காது, சூடு இறங்காவிட்டால் எவ்வளவு நல்ல ஒயிலும் தீயும். கூலன்ட் விடுங்கள்; கலக்கவேண்டியதாக இருந்தால் பற்றறித் தண்ணி பாவியுங்கள். பண்ணைப் பாலத்துக் கடற்காற்று படிந்த றேடியேற்றர் முகத்தையும் இடைக்கிடை நல்ல தண்ணியால் மெதுவாகக் கழுவிவிடுங்கள். கியர் ஒயிலுக்குச் செலவழிக்கிறவர்கள் இதற்குச் செலவழிக்க மனம் வைக்கிறார்கள் இல்லை!

8. படகு மோட்டரின் காலில் கியர் ஒயில் பால் மாதிரி வந்தால் சீல் போய்த் தண்ணி ஏறிவிட்டது என்று எங்கள் கடற்றொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். காரிலும் அதே பாடம்: டிப்ஸ்டிக்கில் இளஞ்சிவப்புப் பால் தெரிந்தால் றேடியேற்றர்க் கூலர் உள்ளே வெடித்துவிட்டது. காரை ஓட்டாதீர்கள், ஸ்ராட் பண்ணிப் பார்க்கவும் வேண்டாம்.

9. அந்தப் படகு மோட்டருக்கு வாங்கி மிஞ்சின கியர் ஒயில் வீட்டில் கிடக்கிறதே என்று காரின் ஓட்டோ கியருக்கு விட்டுவிடாதீர்கள். அது தடித்த ஒயில், இது மெல்லிய ஒயில்; பெயர் மட்டும்தான் ஒன்று.

10. ஒயில் வாங்கும்போது “நல்லதாய் ஒன்று தாங்கோ” என்று கேட்காமல் வகையைச் சொல்லிக் கேளுங்கள். 121 கொரோலாவுக்கு டைப் ரி-4, பிறகு வந்த பல டொயோட்டாக்களுக்கு டபிள்யூ.எஸ்., வாகன் ஆர் சி.வி.ரி.க்குச் சுசுகியின் கிறீன் 2. சி.வி.ரி. காருக்குச் சாதாரண ஓட்டோ ஒயில் விட்டால் உள்ளே பெல்ட் வழுக்கி முழுப் பெட்டியுமே போகும். அதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

11. சர்வீசுக்கு விட்டால் பக்கத்தில் நில்லுங்கள். எஞ்சின் ஒயில் நட்டு என்று நினைத்துக் கியர் நட்டைக் கழற்றிவிடுவது நடக்கிற பிழைதான். வடிகிறது கறுப்பா சிவப்பா என்று பார்த்தால் போதும், பெரிய செலவு ஒன்று தப்பும்.

12. அடித் தட்டைக் கழற்றினால் உள்ளே இருக்கிற காந்தத்தை விரலால் தடவிப் பாருங்கள். மாவு மாதிரிச் சாம்பல் நிறப் பசை இருப்பது வழமை. ஊசி போலவோ சீவல் போலவோ இரும்பு அகப்பட்டால் கியர் பிரிக்கிற செலவுக்குக் காசு சேர்க்கத் தொடங்குங்கள்.

13. மணல் ஒழுங்கையில் சில்லு புதைந்தால் அக்ஸிலேற்றரை மிதித்து மிதித்துச் சுற்றவிடாதீர்கள், கியர் ஒயில் அந்தச் சில நிமிசத்தில்தான் கொதிக்கும். ஒரு பழைய கிடுகை இரண்டாய் மடித்துச் சில்லுக்கு முன்னால் செருகி, மெதுவாக எடுங்கள். டிக்கியில் ஒரு கிடுகு கிடந்தால் பாரமா என்ன?

14. வழியில் நின்றுபோன ஓட்டோ காரைக் கயிறு கட்டி இழுக்காதீர்கள். எஞ்சின் ஓடாவிட்டால் கியருக்குள் ஒயில் ஓடாது, உள்ளே காய்ந்த உரசல்தான். முன் சில்லு ஓடுகிற கார் என்றால் முன்பக்கத்தைத் தூக்கி எடுக்க வேணும். ஏற்றிச் செல்லும் வாகனம் கிடைத்தால் இன்னும் நல்லது.

15. காரைநகர் மிதவைப் பாதையில் காரை ஏற்றினால் ஹான்ட் பிறேக்கை முதலில் இழுத்து, பிறகு ‘பார்க்’ போடுங்கள். பாதை ஆடுகிற ஆட்டம் முழுவதும் கியரின் சின்னப் பூட்டில் விழாது.

16. கனடா, லண்டன் ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது ஓட வைத்திருக்கிற கார் என்றால், வருடம் முழுக்க மூடிவைக்காமல் கிழமைக்கொரு தரம் வேலணை மட்டும் ஓடிவிட்டு வாருங்கள். வளவுக்குள் நிறுத்தி வைத்து இரைய விடுவது பெற்றோலுக்கு நட்டம். ஓடினால்தான் கியருக்குள் எல்லா இடமும் நனையும்.

17. டவுனுக்குப் போகும் நாளில் ஒயில், அடி நட்டு வாசர், தட்டுக் காஸ்கெட், பில்டர், நீளக் கழுத்துப் புனல் எல்லாவற்றையும் ஒரு துண்டில் எழுதிப்போங்கள். எங்களூரில் கடைசிப் படகை விட்டால் விட்டதுதான். ஒரு வாசருக்காக ஒரு நாள் போகும்.

18. மாற்றின திகதி, மீற்றர், ஒயில் வகை, ஊற்றின லீற்றர் நான்கையும் பிள்ளைகளின் பழைய கொப்பியில் எழுதி வையுங்கள். 40,000 முதல் 60,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை என்பது பொதுவான கணக்கு. விற்கிற நாளில் அந்தக் கொப்பியைக் காட்டினால் விலையும் கொஞ்சம் தூக்கலாய்க் கேட்கலாம்.

19. கழிவொயிலை மணலில் ஊற்றாதீர்கள். எங்கள் தீவுகளில் நல்ல தண்ணி மேலாக ஒரு மெல்லிய படைதான். கேற் பிணைச்சலுக்கும் மண்வெட்டி அலகுக்கும் பூசக் கொஞ்சம் எடுத்துவிட்டு, மிச்சத்தை அதே சோடாப் போத்தலில் மூடி, அடுத்த தடவை போகும்போது கராச்சில் கொடுத்துவிடுங்கள்.