மீன்தொட்டியும் பரப்பளவுக் கணக்கும்



அலங்கார மீன் வளர்ப்பில் நம் ஜொகூர் மாநிலம் மலேசியாவில் முன்னணியில் நிற்கிறது. பத்து பகாட் வட்டாரப் பண்ணைகளில் வளரும் அரோவானா மீன்கள் கடல் கடந்தும் செல்கின்றன. ஆகவே, இரவுச் சந்தையில் சில வெள்ளிக்கு ஒரு பை நிறையச் சிறுமீன்கள் கிடைப்பதில் வியப்பில்லை. அவை ஒரே வாரத்தில் மாண்டு மிதப்பதுதான் வருத்தத்திற்குரியது. கைராசி இல்லை என்பர் வீட்டார். அது கைராசியன்று, கணக்கு.

மீன்கள் நீரில் கரைந்துள்ள பிராணவாயுவைச் செவுள்களால் உட்கொள்கின்றன. அவ்வாயு பெரும்பாலும் நீரின் மேற்பரப்பு வழியாகவே உள்ளே புகும். எனவே, காற்று எந்திரம் இல்லாத தொட்டிக்கு ஆழத்தைவிட நீர்ப்பரப்பே முக்கியம். மேலும், நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் வாயு குறையும். 10 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 11 மில்லிகிராம் கரையும். நம் ஊர் வெப்பமாகிய 30 டிகிரியில் ஏழரைதான். செடிகளை நிறைய நட்டால் போதாதா எனில், அவை பகலில் வாயுவைத் தந்து, இரவில் தாமும் அதனையே உட்கொள்ளும். நெருக்கமான தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் வாய்பிளந்து மேலே வருவது இதனாலேயே.

மீன் வளர்ப்போர் நெடுங்காலமாகக் கையாளும் கணக்கு ஒன்றுண்டு. வெப்பநாட்டுச் சிறுமீனாயின், வால் நீங்கலாக உடல் நீளத்தின் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் 30 சதுர சென்டிமீட்டர் நீர்ப்பரப்பு, தங்கமீனாயின் 75. தொட்டியின் நீளம் 60, அகலம் 30 எனில் பரப்பு 1,800. அதனை 30 ஆல் வகுத்தால் 60 சென்டிமீட்டர். 4 சென்டிமீட்டர் மீன்கள் 15 வாழலாம். தங்கமீனுக்கோ 24 சென்டிமீட்டர்தான் கிட்டும். கடையில் விரலளவில் இருப்பது 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளருமாதலால், ஒன்றே போதும். வளர்ந்தபின் உள்ள நீளத்தையே கணக்கில் கொள்ளவேண்டும்.

கண்ணாடி உருண்டைகளைக் கழுத்துவரை நிரப்புவது பலர் வழக்கம். அகன்ற நடுப்பகுதியின் விட்டம் 28 சென்டிமீட்டர் எனில் அங்கே பரப்பு 616 சதுர சென்டிமீட்டர். 14 சென்டிமீட்டர் விட்டமுள்ள கழுத்தில் 154தான். நீரைக் கூட்டி மூச்சைக் குறைக்கிறோம்!

15 மீன்களுக்கு இடமிருப்பினும், புதுத்தொட்டியில் முதல்நாளே 15ஐயும் விடலாகாது. மீன்களின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நச்சு தோன்றுகிறது. அதனை மாற்றும் நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் ஆகும். முதல் வாரச் சாவுகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்று நான்கில் தொடங்கி, வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றிவருக. குழாய்நீரைத் திறந்த வாளியில் ஒருநாள் வைத்திருந்தால் குளோரின் பெரும்பாலும் நீங்கிவிடும்.

சண்டை மீன் காற்றையும் நேரே சுவாசிப்பதால் குறைந்த பரப்பிலும் உயிர்வாழும். ஆயினும் இரு ஆண்களை ஒன்றாக விடலாகாது. கப்பி மீனோ குட்டியிட்டு விரைவில் பெருகும். வண்ணவாலுள்ள ஆண்களை மட்டும் வாங்கினால் கணக்கு மாறாது. மிகுந்துபோன மீன்களைத் தோட்டத்து ஓடையில் விடவேண்டா. கண்ணாடியைத் துப்புரவு செய்யவென வாங்கப்பட்ட பண்டாராயா மீன், இன்று நம் நாட்டு ஆறுகளில் பெருகிக் கிடக்கிறது. மிகுதியைக் கடைக்காரரிடமோ இடமுள்ள நண்பரிடமோ கொடுத்துவிடுக.