திறந்தவெளி இசைவிழாக்களும் கண்காணிப்புக் கமராக்களும்

கோடைகாலத்தில் இலண்டன் பூங்காக்களில் இசைமேடைகள் அமைக்கப்படும்போது, உயரமான கம்பங்களில் கண்காணிப்புக் கமராக்களும் பொருத்தப்படுகின்றன. அவை எதைக் கவனிக்கின்றன, பதிவாகும் படத்தின்மீது யாருக்கு என்ன உரிமை உண்டு என்பவற்றைப் பூங்காவின் அருகே வசிப்போரும், பிள்ளைகளை விழாவுக்கு அனுப்பும் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று.

திருடரையும் கைகலப்பில் ஈடுபடுவோரையும் பிடிப்பதற்கே கமரா என்பது பொதுவான எண்ணம். அதைவிடப் பெரிய ஆபத்து நெரிசலாகும். ஒரு சதுர மீற்றர் பரப்பில் இருவர் நிற்கும்போது எவரும் விரும்பிய பக்கம் நகரலாம். ஐவருக்கு மேல் நெருங்கிவிட்டால் தம் அசைவு தம் கட்டுப்பாட்டில் இராது. கூட்டம் முழுவதும் அலைபோல ஆடும். நடுவில் அகப்பட்டவர் கீழே விழாமல், நின்ற நிலையிலேயே மூச்சுத்திணறி இறக்கக்கூடும். சில வரிசைகள் பின்னால் நிற்பவருக்கு இது தெரிவதில்லை. உயரத்திலுள்ள கமராவுக்குத் தெரியும். வாயிலில் நகர்வு நின்றுபோதல், வேலியின்மீது ஆட்கள் ஏறுதல், உதவி கேட்டுக் கைகள் உயர்தல் ஆகியவையே பயிற்சிபெற்ற கண்காணிப்பாளர் தேடும் அறிகுறிகள். ஆயினும் தாழ்வான கோணத்தில் எடுக்கப்படும் படத்தில் கூட்டத்தின் அடர்த்தியைச் சரியாகக் கணிப்பது கடினம். மேடையின் புகையும் ஒளியும் படத்தை மறைப்பதுமுண்டு.

ஜேர்மனியின் டூயிஸ்பேர்க் நகரில் 2010 ஜூலை 24ஆம் திகதி நடைபெற்ற ‘லவ் பரேட்’ இசைவிழாவில் 21 பேர் நெரிசலில் உயிரிழந்தனர். ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். வருவோரும் வெளியேறுவோரும் ஒரே சரிவுப்பாதையைப் பயன்படுத்த நேர்ந்தது. அங்கு கமராக்கள் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் பதிவுகள் நடந்ததைப் பின்னர் ஆராய உதவின, உயிர்களைக் காக்க உதவவில்லை. 2017 டிசம்பரில் தொடங்கிய வழக்கும் 2020 மே மாதத்தில் தீர்ப்பின்றியே முடிவுக்கு வந்தது. எனவே ஒரு விழாவுக்கு எத்தனை கமராக்கள் என்று கேட்பதைவிட, திரையின் முன் அமர்பவர் யார், அவர் எச்சரித்தால் வாயிலை மூடவும் இசையை நிறுத்தவும் அதிகாரமுடையவர் யார் என்று கேட்பதே பயனுடையது.

இங்கிலாந்தில் அவ்வாறு கேட்பதற்குச் சட்டம் இடமளிக்கிறது. 2003ஆம் ஆண்டின் அனுமதிப்பத்திரச் சட்டத்தின்கீழ், ஒரு பெருவிழாவுக்கான விண்ணப்பம் அறிவிக்கப்பட்டபின் 28 நாட்களுக்குள் எவரும் கவுன்சிலுக்கு எழுத்துமூலம் கருத்துத் தெரிவிக்கலாம். அக்கருத்து குற்றத்தடுப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத்தொல்லை தடுப்பு, சிறுவர் பாதுகாப்பு ஆகிய நான்கு நோக்கங்களுள் ஒன்றைச் சார்ந்திருத்தல் வேண்டும். “இவ்விழா வேண்டாம்” என்று மட்டும் எழுதுவதால் பயனில்லை. “தெற்கு வாயிலில் நெரிசலைக் கவனிக்க ஏற்பாடு இல்லை” என்று குறிப்பிட்டு எழுதினால், அது அனுமதிப்பத்திரத்தில் ஒரு நிபந்தனையாகவே இடம்பெறலாம்.

முகத்தை அடையாளம் காணும் தொழில்நுட்பம் தனியாகக் கவனிக்கத்தக்கது. 2015இல் ‘டவுன்லோட்’ இசைவிழாவிலும், 2016, 2017ஆம் ஆண்டுகளில் நொட்டிங் ஹில் கார்னிவலிலும் பொலிசார் அதனைப் பயன்படுத்தினர். தெற்கு வேல்ஸ் பொலிசாருக்கு எதிரான வழக்கில் 2020 ஓகஸ்ட்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம், யாரைத் தேடுவது, எங்கே பயன்படுத்துவது என்பனவற்றை முடிவுசெய்யும் அதிகாரம் வரம்பின்றி அலுவலரிடம் விடப்பட்டது சட்டத்துக்கு முரணானது என்று கூறியது. தொழில்நுட்பத்தையே அத்தீர்ப்பு தடைசெய்ததாகச் சிலர் கருதுவது சரியன்று.

தமிழ்ச் சங்கங்களும் பூங்காக்களில் இசைநிகழ்ச்சிகளை நடத்துகின்றன. தம் நிகழ்ச்சிக்குத் தாமே கமரா பொருத்தும் சங்கம், தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முன் அப்பதிவுகளுக்குப் பொறுப்பாளியாகிறது. கமரா இயங்குவதையும், அதை நடத்துவோர் யார், நோக்கம் என்ன என்பதையும் கூறும் அறிவிப்பு வாயிலிலேயே தெளிவாகத் தெரிதல் வேண்டும். மயங்கி விழுந்த ஒருவரின் காட்சியைத் தொண்டர் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் பகிர்ந்தால், அது வெறும் அநாகரிகமாக மட்டும் கருதப்படாது, சட்டமீறலாகவும் ஆகலாம்.

தம் உருவம் பதிவாகியுள்ள காட்சியின் பிரதியைக் கேட்கும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு. கமராவை நடத்துவோரிடம் நாள், நேரம், நின்ற இடம், அணிந்திருந்த உடை ஆகியவற்றைத் தெரிவித்தால் போதும். காரணம் கூறத் தேவையில்லை. பொதுவாகக் கட்டணமும் இல்லை. ஒரு மாதத்துக்குள் பதில் வருதல் வேண்டும். உடனிருந்த பிறரின் முகங்கள் மறைக்கப்பட்டிருக்கக்கூடும். பதில் வராவிடினும், தக்க காரணமின்றி மறுக்கப்பட்டாலும் தகவல் ஆணையாளர் அலுவலகத்தில் முறையிடலாம். பதிவுகளை எத்தனை நாட்கள் வைத்திருக்க வேண்டும் எனச் சட்டம் வரையறுக்கவில்லை. பல இடங்களில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அவை அழிக்கப்படுகின்றன. ஆகவே விழாவில் காயமடைந்தவரோ பொருளை இழந்தவரோ, அழிக்காமல் வைத்திருக்கும்படி அந்த வாரத்திலேயே எழுத்துமூலம் கோருவது நலம்.