கர்ப்பப்பையை எடுக்கக் கடன் கேட்பதற்கு முன்...



போன வருடம் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் முடிந்ததும் ஒரு உறுப்பினர் எழுந்தார். "அக்கா, எனக்கு நாற்பதாயிரம் அவசரக் கடன் வேணும். கர்ப்பப்பையை எடுக்கணும்னு சொல்லிட்டாங்க" என்றார். வயது 38. எட்டு மாதமாக உதிரப்போக்கு அதிகம். கையில் ஒரே ஒரு ஸ்கேன் ரிப்போர்ட். ரத்தப் பரிசோதனை எதுவுமே செய்யவில்லை. "புள்ள பெத்தாச்சு, இனி அது எதுக்கு? எடுத்துட்டா நிம்மதி" என்று குழுவில் பாதிப் பேர் சொன்னார்கள்.

தீர்மானம் எழுதும் முன் அரசு மருத்துவமனையில் ஒருமுறை காட்டலாமே என்றேன். சிலருக்கு என்மேல் வருத்தம்தான். அங்கே பார்த்ததில் ஹீமோகுளோபின் 7. நமக்கு 12 இருக்க வேண்டும். தைராய்டு சுரப்பும் குறைவு. அதனால்தான் போக்கு என்று மாத்திரை கொடுத்தார்கள். நான்கைந்து மாதத்தில் சரியாகிவிட்டது. அன்று அவர் குழுவில் வாங்கிய கடன் பஸ் செலவுக்கு 500 ரூபாய்.

எது அதிகம் என்பதே நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. யாரிடமும் பேசுவதில்லையே! 24 முதல் 38 நாளுக்குள் விலக்கு வருவதும், 8 நாளுக்குள் நிற்பதும் இயல்பு. மணிக்கொரு தரம், இரண்டு மணிக்கொரு தரம் துணி மாற்றினால், பெரிய கட்டிகளாகப் போனால், ராத்திரியும் எழுந்து மாற்ற வேண்டியிருந்தால் அது அதிகம். நம் பாட்டிமார் 'பெரும்பாடு' என்றது இதைத்தான்.

காரணம் பல. நார்க்கட்டி, சதை வளர்ச்சி, ஹார்மோன் கோளாறு, காப்பர் டி, கரு கலைவது, சிலருக்குப் புற்றுநோய். காரணத்துக்குத் தகுந்தபடி வைத்தியமும் மாறும். பலருக்கு மாத்திரையே போதும். கட்டியை மட்டும் எடுப்பதும் உண்டு. கர்ப்பப்பையையே எடுக்க வேண்டிய நிலையும் சிலருக்கு வரும், அப்போது பயந்து தள்ளிப்போடக் கூடாது. ஆனால் "சினைப்பையையும் சேர்த்து எடுப்பீங்களா? ஏன்?" என்று டாக்டரிடம் கட்டாயம் கேளுங்கள். சின்ன வயதில் அதையும் எடுத்துவிட்டால் எலும்பு சீக்கிரம் பலமிழக்கும், இதய நோய்க்கும் வாய்ப்பு கூடும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. விலக்கு நின்று ஒரு வருடம் ஆனபின் ஒரு சொட்டு பட்டாலும், "உடம்புச் சூடு" என்று வெந்தயம் குடித்துக்கொண்டு இருக்காதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகத்தான் இருக்கும். என்றாலும் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் அதுவே. கணவருடன் சேர்ந்தபின் ரத்தம் பட்டாலும் அப்படித்தான், கர்ப்பப்பை வாயைப் பரிசோதிக்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சப்பட்டே பலர் முற்றவிட்டு வருகிறார்கள்.

மணிக்கணக்கில் நிற்காமல் கொட்டினாலோ, மயக்கம் வந்தாலோ, நாள் தள்ளிப்போன பின் வயிற்று வலியோடு பட்டாலோ உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரையை டீ, பாலோடு சேர்த்துப் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகிறதே என்று நிறுத்தவும் வேண்டாம்.

டாக்டரிடம் போகும்போது "ரொம்பப் போகுது" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் புரியாது. பால் கணக்கு எழுதுகிற காலண்டரிலேயே வந்த நாள், நின்ற நாள், ஒரு நாளைக்கு எத்தனை துணி என்று மூன்று மாதம் குறித்து வையுங்கள். மேலே சொன்ன ஆபத்து அறிகுறி இருந்தால் மட்டும் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே கிளம்பிவிடுங்கள்.