அப்பாருக்கு முன்னால் யார்?

கேள்வி: எங்கள் அப்பாரு சோமனூர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். அவருக்கு முந்தையவர்களின் பெயர்கூடத் தெரியவில்லை. எங்கே தேடுவது?
– வாசகர், திருப்பூர்

பதில்: முதலில் பங்குக் கோயில். சோமனூர்ப் பக்கம் என்றால் கருமத்தம்பட்டி ஜெபமாலை அன்னை கோயிலில் கேளுங்கள். 17-ஆம் நூற்றாண்டிலேயே இயேசு சபையார் ஊன்றிய மிஷன் அது. அப்பாருவின் திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் இருக்கும். அதைப் பிடித்து ஞானஸ்நானப் பதிவுக்குப் போங்கள். பிற்காலத் திருமணத்தை அதன் ஓரத்தில் குறித்திருப்பார்கள். ஒரே பெயரில் இருவர் இருந்தால் பிரித்தறிய அதுதான் கை கொடுக்கும். காணி நிலம் இல்லாத ஏழைகளின் பெயரையும் காத்து வைத்திருப்பது இந்தப் பதிவேடுகள்தான். பங்குத்தந்தையிடம் தோராயமான ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள்.

நிலம் இருந்திருந்தால், வில்லங்கச் சான்று போட்டுத் தாய்ப் பத்திரம்வரை பின்னோக்கிப் போகலாம். கிரயப் பத்திரத்தைவிடப் பாகப்பிரிவினைப் பத்திரம் எவ்வளவோ மேல்: அண்ணன் தம்பி அத்தனை பேரும் தகப்பனார் பெயரோடு வரிசையாக நிற்பார்கள். நிலத்தின் நான்கு எல்லைகளைச் சொல்லும் செக்குபந்தியையும் விடாதீர்கள். பக்கத்துக் காட்டுக்காரர் பல நேரம் பங்காளிதான். திருப்பூர் மாவட்டம் பிறந்ததே 2009-இல். அதனால் அவிநாசி, பல்லடம் பத்திரங்களையும் கோயமுத்தூர் ஜில்லா என்றே தேடுங்கள்.