புள்ளுவமை

இராயபுரத்துக் கடற்கரையில் நின்று தென்பால் நோக்குவோமாயின், துறைமுகத்தின்கண் நெடுங்கழுத்தை நீட்டி நிற்கும் பாரந்தூக்கிகள் தோன்றும். இவற்றை ஆங்கிலேயர் ‘கிரேன்’ என்பர். அச்சொல் முதற்கண் கொக்குப் போன்ற நெடுங்கழுத்துப் பறவையொன்றின் பெயர். வடிவொப்புமையாற் பொறிக்கும் ஆயிற்று. தமிழரோ அதன் செயலை நோக்கிப் பாரந்தூக்கி என்றனர்.

எனினும், பொருள்களைப் புள்ளோடு ஒப்பிட்டு அடைகொடுத்து வழங்குதல் நம் மொழிக்குப் புதிதன்று. உவமை வினை, பயன், மெய், உரு என்னும் நான்கும் பற்றிப் பிறக்கும் என்பர் தொல்காப்பியர். மெய் என்பது வடிவு. உரு என்பது நிறம். அன்னநடை என்பது வினை பற்றி வந்தது. கிளிப்பச்சை என்பது உரு பற்றியது. மேற்கூறிய கிரேன் மெய் பற்றியது. ‘போன்ற’ என்னும் உருபு மறைந்து நிற்றலின், அன்னநடை முதலியன உவமைத்தொகை எனப்படும்.

ஈண்டு நாம் கருதற்பாலது ஒன்றுண்டு. உருபு மறையும்பொழுது ஒப்புமைக்குரிய தன்மையும் உடன் மறைகின்றது. ஆதலின் புள்ளின் பெயர்கொண்டே புகழென்றும் பழியென்றும் துணிதல் தவறாம். வஞ்சகனைக் கொக்கென்று இகழ்வது உலக வழக்கு. எண்ணூர்க் கழிமுகத்தில் அசையாது நிற்கும் கொக்கைக் கண்டார்க்கு அவ்விகழ்ச்சியின் காரணம் விளங்கும். ஆயின் திருவள்ளுவர், காலமறிதல் என்னும் அதிகாரத்தில், அக்கொக்கினையே காலம் வாய்க்கும்வரை காத்திருப்பார்க்கு உவமையாக்கினார். புள் ஒன்றே; கொண்ட தன்மை வேறு.

கிளியும் அத்தகையதே. கிளிமொழி என்புழி இனிமை புகழப்படுகின்றது. ஆனால், 13ஆம் நூற்றாண்டினராகிய பவணந்தி முனிவர், நன்னூலில் மாணாக்கரை வகுக்குமிடத்து, அன்னத்தையும் பசுவையும் தலைமாணாக்கர்க்கும், மண்ணையும் கிளியையும் இடைமாணாக்கர்க்கும் உவமையாக்கினார். பாலை நீரினின்று பிரித்துண்பது அன்னம் என்பது புலவர் மரபு. கற்பித்ததையன்றிப் பிறிதொன்றும் கூறமாட்டாதது கிளி.

பரீட்சை நெருங்குங்கால், ஆசிரியர் தந்த குறிப்பை உருப்போட்டு அவ்வண்ணமே எழுதி வரும் நமக்கு இது சுடத்தான் செய்கின்றது. அவ்வாறு எழுதித் தேர்ச்சியும் பெறலாம். ஆயினும் நன்னூலார் கணக்கில் நாம் இடைமாணாக்கரே. இனி நம்மை எவரேனும் கிளியென்றால், மகிழுமுன் அவர் கருதியது மொழியோ கல்வியோ என்று வினவிக்கொள்வோமாக.