பம்ப் வாங்கறது கடைசி வேலை, அம்மணி

ஜி.டி. நாயுடுவோட நியூ எலெக்ட்ரிக் ஒர்க்ஸ்ல, டி. பாலசுந்தரம் நாயுடு கைவண்ணத்துல 1937லேயே மின்மோட்டார் செஞ்ச ஊரு நம்ம பீளமேடு. அதனாலயோ என்னமோ, குளியலறையில சுடுதண்ணி கொஞ்சம் மெலிஞ்சு வந்தாப் போதும், நேரா கடைக்குப் போய் பிரஷர் பம்பைத் தூக்கிட்டு வந்துடறோம். வேண்டாம் அம்மணி. தண்ணிக்கு வேகம் எங்கே போச்சுன்னு முதல்ல பாரு. அடைச்சுக் கிடக்கிற குழாய்க்கு மேல பம்பை மாட்டினா, காசும் போகும், குழாய் ஜாயின்ட்டும் போகும்.

உனக்கு வேலை ஆயிரம் இருக்கும். அதனால எதை முதல்ல பார்க்கணுமோ அந்த வரிசையிலயே சொல்றேன்.

1. முதல்ல ரெண்டு குழாயையும் திறந்து பாரு. ஒரே குளியலறையில பச்சத்தண்ணி, சுடுதண்ணி ரெண்டையும் தனித்தனியா முழுசாத் திற. ரெண்டுமே மெலிவுன்னா கோளாறு டேங்க்லயோ, அங்கிருந்து இறங்கற பைப்லயோ, கேட் வால்வுலயோ. சுடுதண்ணி மட்டும் மெலிவுன்னா ஹீட்டர் பக்கம். வீட்ல மத்த குழாயெல்லாம் நல்லா வந்து ஒண்ணு மட்டும் அழுதுன்னா, அந்தக் குழாயோட வாயிலதான் அடைப்பு. இதைப் பார்க்காம பிளம்பரைக் கூப்பிடாதே. “தண்ணி வரலீங்க”ன்னு மொட்டையாச் சொன்னா, அவரு எல்லாத்தையும் கழட்டிப் பார்த்துட்டுத்தான் போவாரு.

2. உப்பைக் கரை. நம்ம ஊர்ல பாதிக் கோளாறுக்கு இதுதான் காரணம். சிறுவாணி, பில்லூர்த் தண்ணி குடிக்கச் சமைக்க. குளிக்கத் துவைக்க பெரும்பாலும் போர் தண்ணி. அந்த உப்புத்தண்ணி சூடேறும்போது சுண்ணாம்பு பிரிஞ்சு, ஷவர் ஓட்டையிலயும் குழாய் முனைச் சல்லடையிலயும் வெள்ளையாப் படியும். ஷவர் தலையைக் கழட்டி, வினிகரும் வெந்நீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊற வை. பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சுக் கழுவு. வினிகர் இல்லைன்னா எலுமிச்சம்பழச் சாறு போதும். கக்கூஸ் கழுவற ஆசிட்டை மட்டும் தொடாதே. உப்போட சேர்த்து மேல்பூச்சையும் தின்னுட்டு, அடுத்த மாசம் குழாய் கறுத்துப் போய் நிக்கும்.

ஷவர் சுத்தமாகியும் சுடுதண்ணி மெலிவாவே வந்தா, ஹீட்டருக்குப் போற, வர்ற வளையற பைப்பைப் பார்க்கச் சொல்லு. ரெண்டு முனையிலயும் உப்பு கட்டி, ஓட்டை பென்சில் அளவுக்குச் சுருங்கிப் போயிருக்கும். அந்த பைப்பைக் கழுவிக்கிட்டு நேரத்தை வீணாக்காதே, புதுசு மாத்திடு. அப்படியே கீழே இருக்கிற ஆங்கிள் காக் முழுசாத் திறந்திருக்கான்னும் பாரு. போன தடவை ரிப்பேருக்கு வந்தவங்க பாதி மூடி வெச்சுட்டுப் போயிருப்பாங்க. சிரிக்காதே, நிறைய வீட்ல கடைசியில கண்டுபிடிச்சது இதைத்தான்.

3. ஹீட்டரை வருஷம் ஒரு தடவை திறக்கச் சொல்லு. உள்ளே மெக்னீசியம் ராடு ஒண்ணு இருக்கும். டேங்க் துருப்பிடிக்காம இருக்க, அது தன்னைக் கரைச்சுக்கும். உப்புத்தண்ணி வீட்ல ஒரு வருஷம், ரெண்டு வருஷத்துல அது தேய்ஞ்சு கம்பியா நிக்கும். சர்வீஸ் ஆள் வந்தா “ராடு எப்படி இருக்கு, காட்டுங்க”ன்னு கேளு. சூட்டையும் ஏத்தி வெச்சுக்காதே. 55, 60 டிகிரி தாராளம். அதுக்கு மேல போகப் போக உப்பு வேகமாப் படியும், கரண்ட் பில்லும் ஏறும்.

4. சொட்டற வால்வை அடைக்காதே. இதை நான் கோபமாவே சொல்றேன். ஹீட்டர் பக்கத்துல சின்ன வால்வு ஒண்ணுலேருந்து சூடேறும்போது தண்ணி சொட்டும். 25 லிட்டர் தண்ணி சூடாகும்போது கிட்டத்தட்ட ரெண்டு டம்ளர் அளவுக்குப் பெருகும். அந்தத் தண்ணி போறதுக்கு வழி வேணும். “தரை ஈரமாகுது”ன்னு அதுல ஸ்க்ரூவை முறுக்கி, எம்-சீல் வெச்சு அடைக்கிற புத்திசாலிங்க இருக்காங்க. போக வழியில்லாத அழுத்தம் டேங்க்கையே பிளந்துடும். ஒரு சின்ன ட்யூபை மாட்டி, தரை ஓட்டைக்கு விடு, அவ்வளவுதான். ஹீட்டர் ஓடாத நேரத்துலயும் விடாம ஒழுகினா வால்வை மாத்தணும்.

5. உயரக் கணக்கைத் தெரிஞ்சுக்கோ. மேல் டேங்க்ல தண்ணி எவ்வளவு உயரமோ அவ்வளவுதான் வேகம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு பார் அழுத்தம். மொட்டை மாடித் தளத்துலயே டேங்க் உட்கார்ந்திருந்தா, அதுக்கு நேர் கீழே இருக்கிற ஷவருக்கும் தண்ணி மட்டத்துக்கும் ரெண்டு மீட்டர் இருந்தாலே பெருசு. அப்படின்னா 0.2 பார். கீழ்வீட்ல குழாய் பிச்சுக்கிட்டு வர்றதும் மேல்வீட்ல அழுதுக்கிட்டு வர்றதும் இதனாலதான். அங்கே போய் தாம்பாளம் மாதிரி பெரிய ஷவரை மாட்டிட்டு மழை பொழியும்னு நினைச்சா எப்படி? சின்ன ஷவர் மாட்டு. இல்லைன்னா வாளியும் சொம்பும் இருக்கு, ஒண்ணும் குறைஞ்சுடாது.

6. மாடியில சோலார் ஹீட்டர் இருந்தா.

• டேங்க் சுத்தமாக் காலியாகி மறுபடி நிரம்பினதுக்கு அப்புறம் சுடுதண்ணி மட்டும் வரலைன்னா, பைப்புக்குள்ள காத்து மாட்டியிருக்கு. மிக்சர் குழாயோட வாயைக் கையால நல்லா அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பக்கமும் திற. பச்சத்தண்ணி பின்னாடி ஏறிக் காத்தைத் தள்ளும். ரெண்டு மூணு தடவை செஞ்சும் வரலைன்னா ஆளைக் கூப்பிடு.

• கண்ணாடிக் குழல் வெச்ச சோலார் காலியா வெயில்ல காஞ்சு கிடந்தா, உச்சி வெயில்ல மோட்டாரைப் போட்டு நிரப்பாதே. கொதிக்கிற கண்ணாடியில பச்சத்தண்ணி பட்டா விரியும். விடியற்காலையில நிரப்பு.

• மேலே நீட்டிக்கிட்டு நிக்கிற காத்துக் குழாயை, “காக்கா உள்ளே எதையாச்சும் போடுது”ன்னு யாரும் அடைச்சுடாம பார்த்துக்கோ.

7. இத்தனையும் பார்த்த பிறகுதான் பம்ப். அதையும் பச்சத்தண்ணி பைப்புக்கு மட்டும் போடாதே. இதுல நிறையப் பேர் ஏமாறுறாங்க. பச்சத்தண்ணி வேகமா வந்து, மிக்சர் வழியாச் சுடுதண்ணி பைப்புக்குள்ள ஏறி, சோலார் டேங்க் மாடியில வழிஞ்சு ஓடும். கீழே ஷவர்ல ஜில்லுன்னு வரும், காரணமே புரியாது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு அழுத்தம் இருக்கணும். சாதாரண சோலார் டேங்க் அழுத்தத்தைத் தாங்காது. அதனால பம்ப் டேங்க்குக்கு அப்புறம், சுடுதண்ணி இறங்கற பைப்ல வரணும். அது சூடு தாங்கற பம்பான்னு கடையில கேட்டு வாங்கு. ஹீட்டர் எத்தனை பார் தாங்கும்னு அதோட லேபிள்லயே போட்டிருக்கும், படிச்சுக்கோ. கைவைக்கிறதுக்கு முன்னாடி ஹீட்டர் சுவிட்சை மட்டும் நம்பாம, எம்.சி.பி.யையே இறக்கிடு.

இங்கிருந்து லண்டனுக்கும் பர்மிங்ஹாமுக்கும் போன பிள்ளைங்களுக்கும் சேர்த்தே சொல்றேன். அங்கே வீட்டைச் சூடாக்கற பாய்லர் வேற ஜாதி. தண்ணி மூடின பைப்புக்குள்ள ரேடியேட்டர் ரேடியேட்டராச் சுத்திக்கிட்டே இருக்கும். ஆறியிருக்கும்போது முள் 1-க்கும் 1.5 பாருக்கும் நடுவுல நிக்கணும். இறங்கிட்டா, கீழே இருக்கிற ஃபில்லிங் லூப்பைத் திறந்து ஏத்திட்டு, ரெண்டு பக்கமும் இறுக்கி மூடணும். ரேடியேட்டர்ல காத்து பிடுங்கின அன்னைக்கு முள் இறங்கறது சகஜம். ஆனா வாராவாரம் இறங்குதுன்னா நீ ஏத்திக்கிட்டே இருக்காதே கண்ணு. மூடின பைப்ல தண்ணி தானா ஆவியாகாது, எங்கேயோ போகுது. நீ ஒவ்வொரு தடவை புதுத்தண்ணி விடும்போதும் அதுல இருக்கிற ஆக்சிஜன் உள்ளே துருவை வளர்க்கும்.

ரேடியேட்டர் வால்வு ஒவ்வொண்ணுக்கும் கீழே ஒரு டிஷ்யூ பேப்பரை வெச்சுட்டுத் தூங்கப் போ. காலையில எது நனைஞ்சிருக்கோ அங்கேதான் ஓட்டை. எல்லாம் காஞ்சிருந்தா, வீட்டுக்கு வெளியே சுவத்துல நீட்டிக்கிட்டிருக்கிற செம்புக் குழாயைப் பாரு. அது பாய்லரோட 3 பார் வால்வோட வாய். அதுல சொட்டினா, பெருகற தண்ணிக்கு இடம் கொடுக்கிற எக்ஸ்பான்ஷன் வெஸல்ல காத்து போயிருக்கலாம். சூடேறினா முள் கிடுகிடுன்னு ஏறி, ஆறினா ஒரேயடியா விழுந்தா அதுவேதான். அதுக்கு மேல நீ கைவைக்காதே. பாய்லர் மூடியைக் கழட்டற வேலை உனக்கும் இல்லை, யூட்யூப் பார்த்த உன் வீட்டுக்காரருக்கும் இல்லை. கேஸ் சேஃப் ரெஜிஸ்டர்ல பேர் இருக்கிற ஆளுதான் தொடணும். வந்தவரோட அட்டையைக் கேட்டு வாங்கிப் பாரு, வாடகை வீடுன்னா முதல்ல ஓனருக்குச் சொல்லு.

ஊர்ல இருக்கிறவங்களுக்கு இன்னும் ஒண்ணு. ரெண்டு குழாயும் மெலிஞ்சு, டேங்கும் சீக்கிரம் காலியாகுதுன்னா, ராத்திரி எல்லாக் குழாயையும் மூடிட்டு, டேங்க்ல தண்ணி மட்டத்தைக் குச்சியால அளந்து வெச்சுக்கோ. காலையில யாரும் குழாய் திறக்கறதுக்கு முந்தி மறுபடி அள. இறங்கியிருந்தா முதல்ல கக்கூஸ் ஃப்ளஷ் டேங்க்கைப் பாரு. சத்தமில்லாம ஒழுகறதுல அதை அடிச்சுக்க ஆளில்லை. அதுவும் சரியா இருந்தா சுவத்துக்குள்ள பைப் கசியுது. ஈரம் பூத்த இடத்துல பெயின்ட் அடிச்சு மறைச்சு வைக்காம, பிளம்பருக்குக் காட்டு.

எல்லா சர்வீஸையும் ஆவணி, புரட்டாசியிலயே முடிச்சுக்கோ. தீபாவளி எண்ணெய்க் குளியலுக்கு முந்தின வாரம் கூப்பிட்டா, எந்த பிளம்பரும் போனை எடுக்க மாட்டாரு.